கைமாறாத நம்பர்

இரகுநாதன் ஐயாவின் பெயர் போனில் விழுந்ததும் கலாராணி அதைக் கவிழ்த்து வைத்தாள். அவர் நல்ல மனிதர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு ஆஸ்பத்திரி நிர்வாக வேலைக்கென்று வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல், தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கண் முகாம் நடத்துகிற அறக்கட்டளை ஒன்றைத் தலையில் தூக்கிக்கொண்டு அலைகிறவர். ஆனால் நல்ல மனிதர்கள் காலையிலேயே போன் எடுத்தால் அதில் நல்ல சேதி இருந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

போன் விடுவதாக இல்லை. எதிர் மேசையிலிருந்த நிமலன் தலையைத் தூக்காமலே, "எடுத்துருங்க அக்கா. இல்லாட்டி அடுத்தது எனக்குத்தான் அடிப்பாரு" என்றான்.

எடுத்தாள்.

"பிள்ளை, அங்கம்மா எண்டு ஒரு மனுசி. மடுல்சீமைப் பக்கம். ரெண்டு கண்ணிலயும் புரை. போன முறை நானே பதியச் சொல்லிவிட்ட ஆள். இந்தமுறை லிஸ்டில பேர் இல்லை."

"விடுபட்டிருக்கும் ஐயா. நர்ஸைத் தேடிப் பாக்கச் சொல்லுங்களேன்."

"முஹ்ஸினா தேடிப் பாத்திட்டாள். லிஸ்டில மட்டுமில்லை பிள்ளை, உம்மட சிஸ்டத்திலயே அப்பிடி ஒரு ஆள் இல்லையாம். மனுசி டிஸ்பென்சரி வாசலில நிக்குது, சிஸ்டத்தில இல்லை. நான் என்னத்தைச் சொல்ல?"

கலாராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு ஒப்பரேஷன் தொடங்குது. இண்டைக்குப் பின்னேரத்துக்கு முன்னம் ஆஸ்பத்திரியில பரிசோதனை முடிக்கவேணும். பேர் இல்லாட்டி உள்ள எடுக்க மாட்டினம். இதை விட்டா அடுத்த வருசம்தான். மனுசியையும் கூட வந்த மருமகளையும் பஸ்ஸில ஏத்தி உம்மட ஒப்பீசுக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறன். பாத்துச் செய்யும், பிள்ளை."

திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு இலேசாக இருந்திருக்கலாம். அந்த மனிதருக்குத் திட்டவும் தெரியாது.

கலாராணிக்கு அலுப்பாக வந்தது. இன்று நேற்று வந்த அலுப்பு அல்ல அது. பதுளை பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில், கீழே தகரம் இழுக்கிற சத்தம் பல்லைக் கூசவைக்க, இரண்டு மேசையும் ஒரு பிரின்டரும் வைத்துக்கொண்டு நடக்கிறது அவர்களுடைய கம்ப்யூட்டர் கம்பெனி. முதலாளி கொழும்பில். நல்ல பெயர் வந்தால் அது நேரே கொழும்புக்குப் போய்விடும். கெட்ட பெயர் மட்டும் மரப்படி ஏறி இவளிடம் வந்து சேரும். நாற்பதைத் தாண்டியவளுக்கு இன்னும் போன் அடித்தால் நெஞ்சு திக்கென்கிறது என்றால், அது என்ன உத்தியோகம்?

அறக்கட்டளைக்காக அவர்கள் செய்து கொடுத்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸ் இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறந்து ஆளின் நம்பரைத் தட்டினால், அவருடைய கண் எப்படி, சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்பதெல்லாம் திரையில் வரும். யாருக்கு எந்தக் கண்ணில் ஒப்பரேஷன் என்று அதுவே பட்டியல் போடும். வீட்டு போனுக்கு மெசேஜும் அனுப்பும். அவ்வளவுதான். ஒருவருடைய பதிவு இன்னொருவருடையதோடு கலந்துவிடாமல் இருக்க, ஆளுக்கு ஒரு நம்பர் வேண்டும். அந்த நம்பரை எங்கேயிருந்து எடுப்பது என்பதில்தான் வந்தது வினை.

"டேட்டாபேஸே தானா ஒரு நம்பர் போட்டுக்கட்டும் அக்கா" என்று நிமலன் அப்போதே சொன்னான். பதுளை டவுனில் பிறந்து வளர்ந்தவன். "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையாப் போகட்டும். அந்த நம்பருக்கு வேற அர்த்தமே இருக்கக் கூடாது."

"அர்த்தமில்லாத நம்பர யாரு ஞாபகம் வச்சிருப்பா?" என்று கேட்டாள் கலாராணி. "எங்க ஆளுங்களுக்கு ஏற்கனவே நம்பர் இருக்கு. அவங்க வாழ்றதே நம்பர்லதான். நீ புதுசா ஒண்ண அவங்க கழுத்துல கட்டாத."

தேசிய அடையாள அட்டை நம்பரை வைக்கலாமே என்று இரகுநாதன் ஐயா கேட்டார். பாதிப் பேரிடம் அட்டை இல்லை, இருக்கிறவர்களும் டிஸ்பென்சரிக்கு வரும்போது அதை டிரங்குப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் வருவார்கள் என்று கலாராணி சொன்னாள். அது உண்மையும்கூட. தோட்டத்துப் பேச்சு என்று வந்தால் அந்த அறையில் அவள் வைத்ததுதான் சட்டம். ஏனென்றால் மூன்று பேரில் அவள் ஒருத்திதான் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்.

தோட்டத்தில் வேலைக்குச் சேர்வதை 'பேர் பதியிறது' என்பார்கள். ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஆளைப் பாதியாக நறுக்குகிற இந்தச் சொல்லை யாரும் கூச்சப்படாமல் சொல்வார்கள், கேட்பவருக்கும் கூச்சம் கிடையாது. பேர் பதிந்ததும் செக்ரோல் என்கிற வருகைப் பேரேட்டில் ஒரு நம்பர் விழும். அதுதான் பேர் நம்பர். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை கூப்பிடுவது அந்த நம்பரைத்தான். கலாராணியின் அம்மா நூற்றுப் பன்னிரண்டு. பள்ளிக்கூடம் போகும் வழியில் கங்காணி இவளைக் கூப்பிட்டது "ஏய், நூத்திப் பன்னெண்டு மகளே" என்றுதான். சின்ன வயதில் அது அவமானமாக இருந்தது. பெரியவளானதும் அதில் ஒரு ரோஷம் வந்துவிட்டது. நீங்கள் போட்ட நம்பரை வைத்தே எங்கள் ஆட்களுக்கு வைத்தியம் பார்த்துக் காட்டுகிறேன் என்கிற மாதிரி ஒரு ரோஷம். அந்த ரோஷத்தில்தான் தோட்டத்தின் பெயரோடு பேர் நம்பரையே அடையாளமாக வைத்து எழுதினாள். பெயரில் எழுத்துப்பிழை வரும், திருத்தலாம். வயது தப்பாக இருக்கும், திருத்தலாம். நம்பரை மட்டும் யாரும் தொட முடியாது.

முஹ்ஸினாவுக்குப் போன் போட்டு அங்கம்மாவின் பேர் நம்பர் என்னவென்று கேட்டாள். முன்னூற்றுப் பதினெட்டு.

தட்டினாள். சிவசக்தி என்று வந்தது. வயது முப்பத்திரண்டு. கீழே, இரண்டு கண்ணிலும் முற்றிய புரை.

முப்பத்திரண்டு வயதில் முற்றிய புரையா? பதிவில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று உள்ளே போய்ப் பார்த்தாள். போன முகாமுக்கு அடுத்த மாதம் பெயரும் வயதும் மாறியிருந்தன. அங்கம்மா அழிந்து சிவசக்தி வந்திருந்தாள். முஹ்ஸினாவிடம் மறுபடி கேட்டபோது அந்தப் பெண் அழாக்குறையாகச் சொன்னாள். "மிஸ், சிவசக்தின்னு வந்தவங்க முன்னூத்திப் பதினெட்டுன்னு சொன்னாங்க. தொறந்தா வேற பேரு இருந்துச்சு. முன்னாடி இருந்த நர்ஸ் தப்பாப் பதிஞ்சுட்டாங்கன்னு நெனச்சு நான் திருத்திட்டேன். திருத்த விட்டுச்சே மிஸ்."

திருத்த விட்டது. விடும்படி எழுதியவள் கலாராணிதான்.

அவளுக்கு விஷயம் முழுதாக விளங்க அதற்குமேல் நேரம் ஆகவில்லை. வயதாகி அங்கம்மா வேலையிலிருந்து நின்றிருக்கிறாள். அவள் நம்பரில் மருமகள் சிவசக்தி பேர் பதிந்திருக்கிறாள். மாமியார் நின்றால் மருமகள், தாய் நின்றால் மகள். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அதுதான் நடப்பு. நம்பரைப் பிடித்துக்கொண்டால்தான் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் கையை விட்டுப் போகாது. இது கலாராணிக்குத் தெரியாத சங்கதியா? பக்கத்துக் காம்பராவில் நடந்தது, எதிர் லயத்தில் நடந்தது, எல்லாம் பார்த்து வளர்ந்தவள்தானே? ஆனால் அவளுடைய அம்மா வேலையை விட்டு நின்ற அன்று, "இந்த நம்பரு என்னோட முடியட்டும். எம் மக இதத் தொட வேணாம்" என்று சொல்லிவிட்டு பதுளைக்கு மகளோடு வந்துவிட்டாள். சாகும்வரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு, நம்பர் என்பது ஆளோடு முடிகிற சாமான் என்று கலாராணிக்கு மனதில் படிந்துவிட்டது. தன் வீட்டு வழக்கத்தை ஊர் வழக்கமாக்கி, அதை டேட்டாபேஸிலும் அடித்துவிட்டாள். தோட்டத்தையே தெரியாத ஒருத்தன் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அவன் பாட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுவிட்டுப் போயிருப்பான்.

அம்மாவின் நூற்றுப் பன்னிரண்டைத் தோட்டத்து அலுவலகம் யாருக்குக் கொடுத்திருக்கும் என்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தாள். சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

"நிமலன்" என்றாள். "நீ சொன்னதுதான் சரி."

அவன் 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் சும்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெயர் மாற்றப்பட்ட பதிவுகளை எல்லாம் வரிசையாகக் காட்டும்படி அவன் கம்ப்யூட்டரைக் கேட்டுப் பார்த்தான். பட்டியல் திரையின் அடிவரை போய், அதற்கும் கீழே இறங்கியது. இதில் எத்தனை எழுத்துப்பிழை, எத்தனை மாமியார் மருமகள் என்று கம்ப்யூட்டர் சொல்லாது. ஒவ்வொரு தோட்டமாகப் போய், ஒவ்வொரு ஆளாகக் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

"அத நாளைக்குப் பாப்பம் அக்கா. மொதல்ல இந்த அம்மாவப் பிரிச்செடுப்போம்" என்றான் நிமலன்.

அவர்கள் வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. படியில் ஒருத்தியின் கால் தடவித் தடவி ஏற, இன்னொருத்தியின் கால் அதற்காகக் காத்து நிற்கிற சத்தம் முதலில் கேட்டது. பிறகு அங்கம்மா வந்தாள். மெலிந்த உடம்பு, மருமகளின் தோளில் முந்தானையைப் பிடித்த கை, முன்கையில் வெந்து ஆறின தழும்பு. பக்கத்திலேயே சிவசக்தி, ஒரு பழைய துணிப்பையோடு.

"அடுப்புல சுட்டுக்கிட்டாங்க மிஸ்" என்றாள் சிவசக்தி, கலாராணியின் பார்வை தழும்பில் நின்றதைக் கண்டு. "நான் மலைக்குப் போனாத் தனியாத்தான் இருப்பாங்க. போன மாசம் கக்கூஸ் போறப்ப சாக்கடைக் கான்ல விழுந்துட்டாங்க. இப்ப நான் காம்பராவ வெளியில பூட்டிட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போறேன். மனசு கேக்குதா? கேக்கல. ஆனா என்ன செய்யிறது?"

"பூட்டட்டும். நான் என்ன ஓடவா போறேன்" என்றாள் அங்கம்மா. "கண்ணு வந்தா கக்கூசுக்கு நானாப் போவேன். அது போதும் எனக்கு. வேற ஒண்ணும் பாக்க வேண்டியதில்ல."

அவர்களை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னாள் கலாராணி. எளிதாகச் சொல்லத்தான் பார்த்தாள். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர், அதனால சிஸ்டம் ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு நெனச்சுருச்சு, மெசேஜ் அத்தைக்கு வரவேண்டியது உங்க பேருக்கு வந்திருக்கு.

"ஓ, அதா!" என்றாள் சிவசக்தி. "எனக்கு வந்துச்சே மிஸ். கண்ணு காட்ட வாங்கன்னு. போனேன். டொக்டர் பாத்துட்டு, உனக்கு ஒண்ணும் இல்ல, எதுக்கு வந்தேன்னு கேட்டாரு. மொதல்ல எனக்கு வந்திருக்கு, அத்தைக்குப் பின்னால வரும்னு இருந்துட்டோம்."

அங்கேதான் 'ஒப்பரேஷன் தேவையில்லை' என்று விழுந்திருக்கிறது. கலாராணி அந்த வரியைக் கண்டுபிடித்தாள்.

"இவங்கள என்னத்துக்குக் கொற சொல்ற?" என்று அங்கம்மா மருமகளை அடக்கினாள், அவள் குறை சொல்லாவிட்டாலும். "நம்பரு ஒண்ணுதானே. எனக்கு ஒடம்புக்கு முடியாத காலத்துல இவளத்தான் பெரட்டுக்கு அனுப்புவேன் புள்ள. முன்னூத்திப் பதினெட்டுன்னு கூப்புட்டா இவ 'இருக்கேன்'னுருவா. கணக்கப்பிள்ளை தல தூக்கிப் பாக்க மாட்டாரு. அவருக்குக் கொழுந்து நெறஞ்சாச் சரி, யாரு நிக்கிறான்னு கவல இல்ல."

நிமலன் சிரித்துவிட்டான். கலாராணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய சிஸ்டமும் தலை தூக்கிப் பார்க்கவில்லையே.

இனி பங்கு பிரிக்கிற வேலை. பதிவில் இருந்த ஒவ்வொரு வரியையும் வாசித்து, இது மாமியாருடையதா மருமகளுடையதா என்று கேட்டுக் கேட்டு, நிமலன் இரண்டு பக்கமாக ஒதுக்கினான். சொத்துப் பிரிக்கிற மாதிரித்தான் இருந்தது. தலைவலி யாருடையது? மருமகளுடையது. பிரஷர்? அதுவும் மருமகளுடையது. "இவளுக்கு எதுக்கு பிரஷரு? எல்லாம் போனப் பாத்துப் பாத்து வந்தது" என்று அங்கம்மா நடுவில் ஒரு குத்துக் குத்தினாள். "ஆமா, நீங்க கான்ல விழுந்தா எனக்கு பிரஷர் வராம பூமாலையா வரும்?" என்றாள் சிவசக்தி.

"சீனி?" என்று வாசித்தான் நிமலன். "ரத்தத்துல சீனி ரொம்பக் கூட."

"அது என்னோடது" என்றாள் சிவசக்தி. "நர்ஸ் கூப்பிட்டுச் சொன்னாங்க. கிளினிக்குக்குப் போன்னாங்க. போனா ஒரு பேர் போயிரும் மிஸ், அதான் போகல. ஆனா அன்னையிலேருந்து தேத்தண்ணியில சீனி தொடல. இனிப்புன்னு ஒண்ணு வாயில வைக்கல."

கலாராணி தேதியைப் பார்த்தாள். இரத்தம் எடுத்தது முகாமில். பெயர் மாறுவதற்கு முன்னால். மேலும் ஒரு தடவை பார்த்தாள், தான் தப்பாகப் பார்த்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு.

"சிவசக்தி, முகாமுல உங்ககிட்ட ரத்தம் எடுத்தாங்களா?"

"நான் முகாமுக்கே வரலியே மிஸ். அத்தைதான் வந்தாங்க."

"எனக்குத்தான் ஊசி குத்தி எடுத்தாங்க" என்றாள் அங்கம்மா. "முடிவு வந்தாச் சொல்லுவோம்னாங்க. ஒண்ணும் சொல்லல. சரி, நல்லாத்தான் இருக்குன்னு இருந்துட்டேன்."

கீழே கடையில் யாரோ தகரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சிவசக்தியின் முகம் மெல்ல மெல்ல மாறுவதைக் கலாராணி பார்த்தாள். அவள் கையிலிருந்த பை மடியில் இறங்கியது.

"மிஸ்" என்றாள் சிவசக்தி. "என் பங்குச் சீனியையும் நான் அத்தைக்கே போட்டேன். வீணாப் போகக் கூடாதுன்னு. கண்ணு தெரியாம உக்காந்திருக்காங்க, இனிப்பாவாவது ஒரு வாய் குடிக்கட்டுமேன்னு."

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அங்கம்மா.

எங்கேயோ ஒரு பெரட்டுக்களத்து நம்பரை எடுத்து இங்கே ஒட்டியதற்கு, ஒருத்தி மாதக்கணக்கில் சீனி இல்லாமல் தேத்தண்ணி குடித்திருக்கிறாள், இன்னொருத்தி இரட்டைச் சீனியோடு குடித்திருக்கிறாள். அந்த இரட்டைச் சீனியைப் போட்டதும் அன்பில்தான். இதைத் திருத்த எந்தப் பட்டனை அமுக்குவது?

நிமலன் வேலையை நிறுத்தவில்லை. இனிமேல் ஒவ்வொரு ஆளுக்கும் டேட்டாபேஸ் தானே ஒரு நம்பர் போடும். பேர் நம்பரோ போன் நம்பரைப் போல மாறக்கூடிய ஒரு விவரமாக ஓரத்தில் கிடக்கும். அந்த ஏற்பாட்டை எழுதி முடித்து, சிவசக்தியை ஒரு பதிவாகவும் அங்கம்மாவை ஒரு பதிவாகவும் பிரித்துச் சேமித்தான். அழிந்துபோன அங்கம்மா திரையில் மறுபடி வந்தாள். பட்டியலிலும் பெயர் ஏறியது.

"இனி உங்க நம்பர் நாலாயிரத்து அறுபத்தொண்ணு அம்மா" என்றான்.

"நாலாயிரமா!" அங்கம்மா வாயைப் பிளந்தாள். "அவ்வளவு ஆளு எந்தத் தோட்டத்துலப்பா இருக்கு?"

த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள் கலாராணி. ஆபீசில் உட்கார்ந்து காத்திருக்க அவளால் முடியாது. வாசலில் இரகுநாதன் ஐயா குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவளிடம் ஒன்றும் கேட்காமல், அங்கம்மாவின் கையைப் பிடித்து, "வாங்கோ அம்மா, பேர் வந்திட்டுது" என்று உள்ளே கூட்டிப்போனார். நாலாயிரத்து அறுபத்தொன்று என்றதும் கதவு திறந்தது. கண்ணைப் பார்த்தார்கள். இரண்டு கண்ணும் ஒப்பரேஷனுக்குத் தோதாகத்தான் இருந்தன. பிறகு விரலில் ஊசி குத்தினார்கள்.

அந்தச் சின்னக் கருவியில் வந்த எண்ணை நர்ஸ் ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னொரு விரலில் குத்திப் பார்த்தாள்.

டொக்டர் வெளியே வந்து பேசினார். அவசரக்காரர் இல்லை, கோபக்காரரும் இல்லை. இவ்வளவு சீனியோடு கண்ணைத் திறந்தால் புண் ஆறாது, கிருமி புகுந்தால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்றார். மருந்து எழுதினார். சீனியைக் கட்டுப்படுத்திக்கொண்டு அடுத்த முகாமுக்கு வரட்டும் என்றார். இரகுநாதன் ஐயா அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார். கண்ணாடிக்கு அப்பால் அவர் கையை அசைத்து அசைத்துப் பேசுவதையும், பிறகு கை மெல்லக் கீழே இறங்குவதையும் கலாராணி பார்த்தாள்.

"ஏலாதாம், பிள்ளை" என்றார் திரும்பி வந்து. "நான் கதைச்சுப் பாத்தன். அவர் சொல்லுறதும் நியாயம்தானே. அந்த நேரமே இந்த மனுசிக்குச் சொல்லியிருந்தா இப்ப குறைஞ்சிருக்கும்." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "சரி, விடும். நீர் தெரிஞ்சு செய்தனீரே?" என்றார்.

தெரியாமல் செய்ததுதான் அவளைக் கொன்றது. தெரிந்திருக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

மடுல்சீமை பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பலீல் நானாவின் தேத்தண்ணிக் கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். சிவசக்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நாளைக்கும் அவள் காம்பராவை வெளியில் பூட்டிவிட்டுத்தான் மலைக்குப் போகவேண்டும். மூன்று பிளேன்டீ சொன்னாள் கலாராணி, ஒன்றில் சீனி இல்லாமல். சீனி போட்டதை சிவசக்தியின் முன்னால் நகர்த்தியபோது அவள் அதைத் தொடவில்லை.

"குடி புள்ள" என்றாள் அங்கம்மா, எப்படித்தான் தெரிந்ததோ. "இத்தன நாளு எனக்குப் பதிலா கசப்பக் குடிச்ச. இனி நான் குடிக்கிறேன்." ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "தூ! இதையா குடிச்ச நீ?"

"என் தப்பும்மா" என்றாள் கலாராணி. அதைச் சொல்ல அவளுக்கு இவ்வளவு நேரம் ஆகியிருந்தது. "சிவசக்தி தப்பும் இல்ல, நர்ஸ் தப்பும் இல்ல. அந்த நம்பர வச்சது நான். நானும் லயத்துல பொறந்தவதான். எங்கம்மா நூத்திப் பன்னெண்டு. தெரிஞ்சிருக்கணும்."

அங்கம்மா அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். கோபம் இருக்குமா என்று கலாராணி தேடினாள். இருந்திருந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். அந்த முகத்தில் களைப்புத்தான் இருந்தது.

"நம்பருன்னா கைமாறத்தானே செய்யும்" என்றாள் கிழவி. "எனக்கே அது எங்க மாமியாக்கிட்டேருந்து வந்ததுதான். அவங்களுக்கு முன்னால யாருதோ." இன்னொரு வாய் குடித்தாள். "இந்தப் புது நம்பரு? நான் செத்தா இவளுக்கு வருமா?"

"வராதும்மா. அவங்களுக்கு வேற நம்பர்."

"பேத்திக்கு?"

"யாருக்கும் போகாது. அது உங்களுக்கு மட்டுந்தான். நீங்க இருந்தாலும் இல்லாட்டியும் அது வேற யாருக்கும் குடுக்க மாட்டோம்."

இதைப் பெருமையாகத்தான் சொன்னாள். காலையிலிருந்து சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அங்கம்மா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடி அதை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள்.

"அப்ப அடுத்த வருசம் நாலாயிரத்து அறுபத்தொண்ணுன்னு கூப்புட்டா, இவ போயி 'இருக்கேன்'னு சொல்ல ஏலாது."

"ஏலாதும்மா."

"நானேதான் வரணும்."

"நீங்களேதான் வரணும்."

வெளியே கண்டக்டர் மடுல்சீமை, மடுல்சீமை என்று கத்தத் தொடங்கினான். சிவசக்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்து, மாமியார் பிடித்துக்கொள்ளத் தோளைக் கொடுத்தாள். அங்கம்மா எழவில்லை. அடியில் இருந்த கசப்பை ஒரே மூச்சில் குடித்து முடித்து, காலிக் கிளாஸை மேசை இல்லாத பக்கம் நீட்டினாள். அது விழாமல் கலாராணி வாங்கிக்கொண்டாள்.

"அதுவரைக்கும் என்னைய உசுரோட இருக்கச் சொல்ற" என்றாள் அங்கம்மா. "சரி. இருந்து பாக்குறேன்."